கவிழ்ந்த ஜீப்பின் சக்கரங்கள்

யுத்தம் முடிந்த மறுவருஷம் என் அண்ணா ராணுவ ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து, மாதுங்காவில் எங்கள் கட்டடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் நிறுத்தினான் என்பது சரியில்லை. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டிவந்தது நான்தான். யுத்தகாலத்தில் பெண்களுக்கான துணைப்படையில் சேர்ந்து கற்றுக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பியபின் அந்த வித்தைக்கு வேலையே இல்லாமல் இருந்தது.

அம்பர்நாத் ஆலைகளின் டிஸ்பென்சரிகளுக்குப் பஞ்சும் பேண்டேஜும் டிங்சரும் சப்ளை செய்யும் சிறு வியாபாரம் அண்ணாவுடையது. ரயிலில் மூட்டை தூக்கி அலுத்துப்போயிருந்தான். "நீ ஓட்டு, நான் விக்கறேன்" என்றான். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பிடிக்காத விஷயங்களில் அவர் பேசுவதில்லை.

நல்ல மழைக்காலத்தில் ஒருநாள், கல்யாணுக்குப் போகும் வழியில் ஒரு மலையடிவாரத் திருப்பத்தில், எருமை ஒன்று சாலைக்கு நடுவே வந்து நின்றது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோரத்தில் இறங்கின. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிதானே, ஏறிவிடும் என்று கியரை மாற்றுவதற்குள் மழையில் ஊறிய மண் மொத்தமாகச் சரிந்தது. வானம் கால்பக்கம் போனது மட்டும் ஞாபகமிருக்கிறது. அடுத்தபடி நான் நாற்று நட்ட வயலில் முகம் குப்புறக் கிடந்தேன்.

"உயிரோட இருக்கியாடி?" என்று எங்கிருந்தோ அண்ணாவின் குரல் வந்தது.

"இருக்கேன். நீ?"

"தோள் போச்சு. மத்ததெல்லாம் இருக்குன்னு தோணறது."

தலையை நிமிர்த்திப் பார்த்தால், ஜீப் ஒரு முழு உருள் உருண்டு, வயலுக்குள் தன் சக்கரங்களின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிச் சட்டம் நொறுங்கி, மேலே கட்டியிருந்த கித்தான் கிழிந்து தொங்கியது. பின்பக்கத்து இடது ரிம் மதகுக் கல்லில் மோதி, விளிம்பு மடங்கி, டயரில் காற்றில்லாமல் கிடந்தது. ஆனால் அச்சை விட்டு எந்தச் சக்கரமும் கழன்று ஓடவில்லை.

நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை மராத்தியில், வண்டியின் அந்த மூலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். மூங்கிலை அடியில் கொடுத்து அவர்கள் தூக்க, நான் நட்டுகளைக் கழற்றி, பின்னால் தொங்கிய ஸ்டெப்னியை மாட்டினேன். அவர்களுடைய மாடுகளே வண்டியைச் சாலைக்கு இழுத்துவிட்டன. அண்ணாவை ஏற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து தாணாவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அப்பா இப்போது பேசினார். "வித்துடலாம்."

மாஹிமில் ஒரு கான்ட்ராக்டர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு முன் மடங்கிய ரிம்மை நிமிர்த்திக் கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் தாராவியில் ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம், அண்ணா வயதுதான் இருக்கும். யுத்தத்தில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். மடங்கிய ரிம்மை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத நிமித்துதது இருக்கட்டும் தங்கச்சி. கவுந்த வண்டில மத்ததயும் பாக்கணும்லா?"

"எல்லாத்தையும் கழட்டிடலாம் பாய்" என்றேன்.

அந்த ஜீப்பின் ரிம் இரண்டு பாதிகளைச் சேர்த்து போல்ட் போட்டது. முதலில் காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டுகளைத் தொட்டால் ஆளையே அடித்துவிடும். இருவரும் காற்றை இறக்கி, பாதி பாதியாகப் பிரித்து, மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்குக்கட்டியைத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைத்தோம். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளையின் மேல் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்பா கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

மடங்கிய ரிம்மில் கோடே இல்லை. "நல்ல இரும்பு. அடிய வாங்கி வளஞ்சு குடுத்திருக்கு" என்றார் பாய். பின்பக்கத்து மற்ற ரிம்மும் ஸ்டெப்னியும் சுத்தம். வலப்பக்க முன்சக்கரமும் அப்படியே.

அப்பாதான் முதலில் பார்த்தார். "அங்கே அது என்ன?"

இடப்பக்க முன்சக்கரம். ஒரு நசுங்கலும் இல்லாமல் வட்டமாக இருந்த ரிம். அதில் ஒரு போல்ட் துளையிலிருந்து அடுத்ததற்கு மயிரிழை மாதிரி ஒரு கோடு மெல்லக் கறுத்து வந்துகொண்டிருந்தது.

"விரிசல், அப்பா."

"இதுலயா இன்னிக்கு வந்தோம்?"

"ஆமாம். அண்ணாவையும் இதுலதான் கொண்டுவந்தேன்."

அப்பா பாயைக் கேட்டார். "அந்தக் கான்ட்ராக்டர் இதெல்லாம் பார்ப்பாரோ?"

பாய் சிரித்தார். "அவரு பெயிண்டப் பாப்பாரு ஐயா. ரெண்டு மாசம் ஓடும். பொறவு ஒரு குழில எறங்கயில ரிம்மு பொளந்துரும்."

அப்பா குனிந்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு எழுந்து, என்னிடம் சொன்னார்: "எதைப் பாக்கணும்னு உனக்குத் தெரியறது. அந்தக் கான்ட்ராக்டருக்குத் தெரியாது. வண்டி உன்கிட்டயே இருக்கட்டும்."

விரிசல் விட்ட ரிம்மை நான் ஓரமாகத் தள்ளி வைத்தேன். பாய், "அப்ப வளஞ்சதுக்கும் சேத்து ரெண்டு ரிம்மு தேடணும். நாளைக்கே பாக்கேன்" என்றார். பழைய இரும்புக்காரரிடமிருந்து அவர் கொண்டுவந்த ரிம்களில் இரண்டு, மண்ணெண்ணெய்க்கும் சாக்குக்கட்டிக்கும் தப்பி நின்றன. அண்ணாவின் தோள் கூடும்வரை நான் தனியாகவே அம்பர்நாத் போய்வந்தேன். தாராவிப் பட்டறைக்குக் கவிழ்ந்த ஜீப் ஏதாவது வந்தால் பாய் ஆளனுப்புவார். நானும் போய்ப் பார்ப்பேன்.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் செம்பூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். அம்மா பட்டுப்புடவையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அப்பா முன்சீட்டில் ஏறி, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். சயானைத் தாண்டியதும் ஒரு கையை எடுத்தார். சற்றுத் தூரம் போனதும் மற்றதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன். முகூர்த்தம் தப்பிடப் போறது" என்றார்.