மூக்கு அடைத்த நாள்

கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் மூக்கக்கா. டின் மூடியைத் திருகும்போதே உள்ளே என்ன இருக்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருடமாக லாந்தரும் அடுப்பும் விற்கிறாள், பழுதும் பார்க்கிறாள். திரியின் இரண்டு முனைகளையும் லேசாகக் கத்தரித்துவிட்டால் சுடர் ஓரங்களில் நீண்டு கொம்பு முளைக்காது, கண்ணாடியில் கரி ஏறாது என்று வாங்குகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். சும்மா விலை கேட்டுப் போகிறவர்களுக்கும் சொல்வாள்.

கடையில் இரண்டு டின்கள் உண்டு. ஒன்றில் லாந்தருக்கான மண்ணெண்ணெய். மற்றதில் பெட்ரோல். மலையேறுகிறவர்கள் முதுகுப் பையில் கொண்டுபோகும் குட்டி அடுப்புக்கு அது. தினமும் கரண்ட் போகத் தொடங்கியபின் வீட்டுக்காரர்களும் அந்த அடுப்பைக் கேட்டு வந்தார்கள். இரண்டு டின்னும் ஒரே அளவு, ஒரே நிறம். எதிலும் எழுத்து கிடையாது. "எழுதி ஒட்டுங்க அண்ணி" என்று கொழுந்தன் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனான். "மூஞ்சில இது எதுக்கு இருக்கு?" என்று மூக்கைத் தொட்டுக் காட்டுவாள்.

இப்போது மூன்று நாளாக ஜலதோஷம். மூக்கு கல்லாக அடைத்துக் கிடந்தது. எந்த டின் எந்த இடத்தில் என்ற பழக்கத்தில்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பழைய லாந்தர் ஒன்றில் எண்ணெய் ஊற்றும்போது மேஜைமேல் கொஞ்சம் சிந்தியது. துணி எடுக்கத் திரும்பினாள். எடுத்து வருவதற்குள் ஈரம் போய்விட்டது. தொட்டுப் பார்த்தாள். மரம் காய்ந்து சில்லென்று இருந்தது. மண்ணெண்ணெய் அப்படிப் போகாது. ஒரு நாள் முழுக்கக் கறையாக உட்கார்ந்திருக்கும்.

கொழுந்தன் அப்போதுதான் வெளிவேலை முடிந்து உள்ளே வந்தான்.

"டின்னை இடம் மாத்தினியா?"

"காலையில அந்த மூலையில கூரை ஒழுகிச்சு அண்ணி. அதான் ரெண்டையும் இடம் மாத்தி வச்சுட்டுப் போனேன். ஏன், இங்க என்ன இப்படி பெட்ரோல் நெடி?"

அப்படியானால் காலையிலிருந்து லாந்தருக்கு ஊற்றியதெல்லாம் பெட்ரோல். அன்று விற்றது ஒரே ஒரு லாந்தர். வாங்கியவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர், ஊருக்குப் புதிது. அழகாக இருந்த ஒல்லி லாந்தரைத்தான் முதலில் எடுத்தார். குழந்தை இருக்கிற வீடு என்றதும் அவள்தான் அடி அகலமானதை எடுத்துக் கொடுத்தாள், தட்டினாலும் சாயாது என்று. நிறைய ஊற்றியும் கொடுத்தாள். கையோடு ஒரு லிட்டர் பாட்டிலும். ஆறரைக்குக் கரண்ட் போகும்.

"சைக்கிள் சாவியைக் குடு. அந்த டின் பக்கம் போகாத. கடையில ஒருத்தன் பீடி பத்த வைக்கக் கூடாது."

வீடு பாலத்துக்குப் பின்னால் என்று மட்டும் தெரியும். பால் பூத்தில் கேட்டு, தவறான சந்தில் நுழைந்து, திரும்பி வந்தாள். மிதிக்கும்போதே மனசு ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தது. எண்ணெய் மாறிப்போனது என்று தெரிந்தால் அவள் கடையில் இனி யார் எண்ணெய் வாங்குவார்கள்?

கதவைத் திறந்தவர் அவர்தான். லாந்தர் மேஜைமேல் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் தீப்பெட்டி.

"பர்னர்ல ஒரு கோளாறு சார். நாளைக்கு வேற தரேன். இதைக் குடுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தாள். "என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படி மூச்சு வாங்க ஓடி வரலை. லாந்தருக்கு வந்த யோகத்தைப் பாருங்க. ஆனா அக்கா, மத்தியானத்துலேருந்து நெடி தாங்கலை. எல்லா லாந்தரும் இப்படித்தானா?"

"பாட்டிலையும் குடுத்துடுங்கம்மா."

அவர் லாந்தரோடு நீட்டிய பாட்டிலில் பாதிதான் இருந்தது.

"மீதி எங்க?"

"மாடிக்காரர் கேட்டார். அவர்கிட்ட பழைய லாந்தர் ஒண்ணு இருக்கு" என்றார் பிழை திருத்துபவர்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பத்து நிமிஷம் முன்னதாகவே. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவள் லாந்தரையும் பாட்டிலையும் கீழே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினாள். மாடியில் எந்தக் கதவு என்று தெரியாது. பர்னர் கதை இனி உதவாது.

"யாரும் தீக்குச்சி உரசாதீங்க" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினாள். "அது மண்ணெண்ணெய் இல்ல, பெட்ரோல். நான்தான் மாத்தி ஊத்திட்டேன். லாந்தர்க்கடை மூக்கக்கா சொல்றேன்."

கீழும் மேலும் கதவுகள் திறந்தன. பிறகு மேலேயிருந்து ஒரு ஆண் குரல்.

"உரசிட்டேன்."

படியேறப் போனவள் நின்றாள்.

"லாந்தர் எங்க?"

"மேஜைமேல. கண்ணாடியைத் தூக்கிட்டேன். இன்னும் வைக்கல."

"அப்படியே பின்னால நடங்க. வாசலுக்கு வாங்க. வந்து அணைங்க."

செருப்பு தரையில் தேயும் சத்தம். மேல்படியில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது, ஒரு மோவாய் தெரிந்தது, இரண்டும் மறைந்தன.

"விரலைச் சுட்டுக்கிட்டேன்" என்றது குரல்.

கைப்பிடிச் சுவரைத் தடவி ஏறினாள். "வேற யாருக்காவது குடுத்தீங்களா அண்ணே?"

"நானே கேட்டு வாங்கின எண்ணெய்தானேம்மா. இதுல தானதர்மம் வேறயா?"

அவர் வீட்டு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னாள். லாந்தரை இருட்டில் கை தடவி எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிழை திருத்துபவர் தன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"பர்னர் கோளாறுன்னீங்க."

"பொய் சொன்னேன் சார்."

அவள் கீழே வைத்திருந்த லாந்தரையும் பாட்டிலையும் அவர் எடுத்து நீட்டினார். குழந்தையை அணைத்தபடி அவர் மனைவி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

லாந்தர்களைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, பாட்டிலைக் கூடையில் நிறுத்தினாள். ஏறவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் கடைகளில் மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவள் நட்டநடுவில் உருட்டிக்கொண்டு நடந்தாள். எதிரே ஒருவன் சிகரெட்டை வாயில் வைத்து லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தான்.

"தள்ளிப் போங்க தம்பி, பெட்ரோல்" என்றாள்.

"லாந்தர்லயா?"

"ஆமா. நான்தான் ஊத்தினேன். தள்ளிப் போங்க."