வள்ளத்தில் நின்ற தகப்பன்

என் சின்னம்மா மகன் ஜெயபால் தங்கச்சிமடத்தில் வள்ளம் வைத்திருக்கிறான். ஒரே மகன் சர்ச் சாமியாருக்குப் படிக்கப் போனதிலிருந்து அவனும் வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். ஆண்டவர் கூப்பிட்டதும் இரண்டு பிள்ளைகள் தகப்பனை வள்ளத்திலேயே விட்டுப் போன இடத்தைத் தாண்டவே மாட்டான்.

விடுமுறை முடிந்து மகன் கிளம்பியபோது, அவன் நெற்றியில் சிலுவை போடத் தூக்கிய ஜெயபாலின் கை நின்றுவிட்டது.

“ஏலே, அந்தத் தகப்பன் மறுநா கடலுக்குப் போனாரா?”

“அத எழுதலய்யா. கூலியாளுக இருந்தாங்கன்னு போட்டிருக்கு.”

“அவருக்கு ஆளு இருந்துச்சு. எனக்கு உங்காத்தாதான இருக்கா!”

“நான் வலை இழுக்க வாரேன்னு சொன்னேனா?” என்றாள் அவன் மனைவி பிரெசில்லா.

ஜெயபால் சிலுவை போட்டான். மனதாரப் போட்டானா என்பது அவனுக்கே தெரியவில்லை. பஸ் போனதும் புத்தகத்தைப் புரட்டி, அந்தத் தகப்பன் மறுபடி எங்காவது வருகிறாரா என்று தேடினான்.