வேன் நிற்கும் பக்கம்

சகாயமேரி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் இருந்தேன். எங்கள் இளைஞர் நலத் திட்டத்தின் ஆண்டறிக்கை அட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். விஷயத்தைக் கேட்ட அச்சகக்காரர், "அட்டையை மாத்தணுமா சார்?" என்றார். ஊருக்குப் பாதை பிரியும் வன்னியம்பட்டி விலக்கில் மில் வேனிலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும்போது லாரி அடித்துவிட்டது. வயது இருபது.

இருந்தவரை 'ஏம்மா' என்று கூப்பிட்டவன் இன்று 'அவர்' என்று எழுதுகிறேன். மரியாதை கொடுக்க நமக்கு ஒரு சாவு வேண்டியிருக்கிறது.

அவரைக் குழுவில் சேர்த்தது நான்தான். இளைஞர் பாதுகாப்புக் குழுவில் இளைஞர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று படிவம் கேட்டது. வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்தவர், "நான் என்ன சார் செய்யணும்?" என்றார். "வந்து உட்காரும்மா, போதும்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்களிடமெல்லாம் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படம் வரைந்து வந்தார். விலக்கு, வேன் நிற்கும் இடம், லாரிகள் வரும் வளைவு. "வண்டியத் திருப்பச் சோம்பல்பட்டு டிரைவரண்ணன் ரோட்டுக்கு அந்தப் பக்கமே எறக்கிவிட்டுப் போயிருதாரு சார். திரும்பி ஊர்ப் பக்கம் நிறுத்துனாப் போதும்." நன்றாக வரைந்திருக்கிறாய் என்று பாராட்டி, அதை லேமினேட் செய்து அலுவலகச் சுவரில் மாட்டினேன். வந்தவர்களெல்லாம் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் திட்டத்தின் ஆண்டு விழா. மில் மேலாளர் மேடையில் இருந்தார். ஐந்து நிமிடம் பேசட்டுமா என்று மேரி கேட்டார். நம் கூட்டங்களில் இளையவர்களுக்கென்றே ஓர் இடம் உண்டே, நன்றியுரை. அதைக் கொடுத்தேன். நானே எழுதியும் கொடுத்தேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "நன்றி சொல்லதுக்கு முன்ன எங்க வேனைப் பத்தி ஒண்ணு சொல்லுதேன்" என்று தொடங்கினார். அதற்குள் மேலாளர் எழுந்துவிட்டார். சபையும் வடைக்கு எழுந்தது. நான் கீழே நின்று வாட்சைத் தட்டிக் காட்டினேன். "நன்றி, வணக்கம்" என்று முடித்துக்கொண்டார். இறங்கி வந்து, "ஒங்க வாட்ச் நல்லா ஓடுது சார்" என்றார். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். அட்டைப் படம் அன்று எடுத்ததுதான்.

துஷ்டி கேட்கப் போனபோது அவருடைய அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"வேன் அந்தப் பக்கம் நிக்கது ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா?"

மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

நேற்று சாயங்காலம் விலக்கில் போய் நின்றேன். இப்போது வேன் திரும்பி ஊர்ப் பக்கம் வந்து நிற்கிறது. அவருடைய தோழிகள் இறங்கி நேரே வீட்டுக்குப் போனார்கள். திரும்புவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போய் வாருங்கள், மேரி. நீங்கள் கேட்டது அவ்வளவுதான்.