காருக்கு ஒத்தடம்

சன்னாசி எங்கள் ரப்பர் தோட்டத்து மேனேஜரின் கார் டிரைவர். தோட்டம் மலேசியாவில், புக்கிட் ரோத்தான் ஊரிலிருந்து மூன்று மைல் உள்ளே. 1983 ஏப்ரல் 18, திங்கட்கிழமை, எஞ்சினைத் துடைத்தபோது அவர் கை பட்டு மெல்லிய குழாய் ஒன்று முறிந்தது.

அந்தக் காரில் கையால் இழுக்கும் சோக் கிடையாது. அதற்குப் பதில் கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி. அதற்குள் சுருள் தகடு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்தச் சுருள் காற்று வழியை அடைத்துவைக்கும். பெட்ரோல் கூடுதலாகப் போகும். எஞ்சின் சட்டென்று பிடிக்கும். பிறகு எக்ஸாஸ்டின் சூடு குழாய் வழியாக வந்து சுருளைத் தளர்த்த, வழி தானாகத் திறக்கும். குழாய் முறிந்தபின் சூடு வரவில்லை, வழியும் திறக்கவில்லை. மறுநாள் காலை கார் கறும்புகை கக்கி ஆபீஸ் வாசலில் நின்றுவிட்டது.

"இன்னொரு தடவ நின்னா வேற டிரைவர்தான்" என்றார் மேனேஜர்.

வேலை போனால் ஒரு மாதத்தில் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சன்னாசியின் மகள் ரமணிக்கு அந்த ஆண்டு இறுதியில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு.

அன்று மாலையே சன்னாசி புக்கிட் ரோத்தான் மெக்கானிக் கார்த்திகேசுவிடம் போனார்.

"புதுக் குழாய் கோலாலம்பூர்லேருந்து வரணும்ண்ணே. தொரை கையெழுத்து வேணும்."

"அது ஆவாது. நான் ஒடச்சது தெரிஞ்சிடும்."

"அப்ப கம்பி கட்டித் தொறந்தே வச்சிடலாம்லா. இந்த வெயிலுக்கு சோக் எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம அவரே பானெட்டைத் தொறந்து பாப்பாரு. குழாய ஒட்ட வச்சிருக்கேன், அது தெரியாது. கம்பி தெரியும்."

"அப்ப தெனம் ஒத்தடம்தான் குடுக்கணும்" என்று சிரித்தார் கார்த்திகேசு.

சன்னாசி சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போய், எஞ்சினை ஓடவிட்டு, துணியை நனைத்து அந்த மூடியின் மேல் வைத்தார். நான்கு முறை நனைத்தபின் வழி திறந்தது. புகை நின்றது. மேனேஜர் ஏழு மணிக்கு ஏறினார்.

வெந்நீர் வைத்தவர் அவர் மனைவி நல்லம்மாள். பால்வெட்டுக்குப் போகும் அவசரத்திலும் வாய் சும்மா இராது.

"எனக்கு இடுப்பு வலின்னா ஒரு நாளு ஒத்தடம் குடுத்திருக்கீங்களா?"

"நீ நின்னா வீடு போவாது. அது நின்னா போயிடும்."

பயணப் புத்தகத்தின்படி, அதன்பின் கார் வெளியே போன நாள்கள் 182. ஒரு நாளும் நிற்கவில்லை. சன்னாசியின் வலக்கை விரல்கள் மூன்று வெந்து வெந்து தோல் தடித்துப்போயின.

டிசம்பர் 1, வியாழக்கிழமை ரமணியின் கடைசித் தேர்வு முடிந்தது. வெள்ளிக்கிழமை சன்னாசி பிளாஸ்க் எடுக்கவில்லை. கார் ஆபீஸ் வாசலில் நின்றது.

"நான்தான் ஒடச்சேன், தொரை. ஏப்ரல் மாசம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா அப்பவே வீட்டக் காலி பண்ணியிருக்கணும்."

மேனேஜர் ஆபீசுக்குள் போனார். குழாய்க்கு ஒரு கடிதம், சன்னாசிக்கு ஒரு மாத நோட்டீஸ். ஆபீஸ் கிளார்க் என்பதால் இரண்டையும் நான்தான் தட்டச்சு செய்தேன். சன்னாசி நோட்டீஸைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ராவாங் ஊரில் மச்சினன் வீடு இருப்பதாகச் சொன்னார்.

"சாமான் ஏத்த மட்டும் ஒரு லோரி குடுங்க, தொரை."

டிசம்பர் 31-க்கு லோரி ஒதுக்கப்பட்டது.