போட்டோ சூசை ஒற்றைக் கண்ணால் பார்த்த கல்யாணம்

வில்லியனூரில் போட்டோ சூசை என்றால் தெரியும். சூசைநாதன் என்றால் யோசிப்பார்கள். அவர் ஸ்டூடியோவுக்கு அடுத்த கதவு என் ஜெராக்ஸ் கடை. அந்த ஒரு பாவத்துக்காகப் பதினைந்து வருஷமாக அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுவருகிறேன்.

பிரசங்கம் எப்போதும் ஒன்றுதான். கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற சின்ன ஜன்னல் இருக்கிறதல்லவா, வியூஃபைண்டர், அதில் பார்த்து எடுப்பவன்தான் போட்டோகிராபர். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுப்பவன் டிவி பார்க்கிறவன். டிஜிட்டல் கேமரா வாங்கிய அன்றே அதன் திரை மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். “என் கட்டத்துக்குள்ள வராதது போட்டோவுல வராதுபா” என்பார். ஊரும் நம்பியது.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மாதிரி கேமராவில் ஜன்னல் காட்டுவது கொஞ்சம் குறைவு. கேமரா எடுப்பது அதைவிட அதிகம். போதாததற்கு ஐம்பது வயதில் சோடாபுட்டிக் கண்ணாடி வேறு வந்தது. கண்ணாடி போட்டவர் கண் ஜன்னலோடு ஒட்டாது, ஓரங்கள் தெரியவே தெரியாது. ஆல்பம் செய்கிறவன் ஓரத்தை வெட்டிவிடுவதால் குட்டு வெளிப்படாமல் காலம் ஓடியது.

கரிக்கலாம்பாக்கம் தங்கவேல், நெல் வயலை மனைபோட்டு விற்றுப் பெரிய மனிதர் ஆனவர். போன தை மாதம் அவர் மகன் புகழ்வேந்தனுக்குக் கல்யாணம். மூத்த மகள் வெண்ணிலா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டதால் நாலு வருஷமாக அந்த வீட்டு வாசற்படி மிதிக்காதவள். அம்மா மகாலட்சுமி ரகசியமாகப் போன் செய்து அழைத்திருந்தாள்; அவளும் வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் மகளை மண்டபத்திலிருந்து விரட்டினால் கௌரவம் என்ன ஆவது? தங்கவேல் சூசையைத் தனியாகக் கூப்பிட்டார். லைட் பிடிக்கப் போயிருந்த நானும் பக்கத்தில் நின்றேன்.

“இன்னா சூசை, அவ ஒரு போட்டோவுலயும் வரக் கூடாது. வந்தா உன்ன வுட மாட்டேன்.”

“நீங்க போங்க ஐயா. எல்லாம் நம்ம கண்ணுல இருக்கு.”

பெற்ற பெண்ணாயிற்றே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனிதர் தொழில் பெருமையில் பூரித்து நின்றார். எனக்கு அதுதான் ஆத்திரம்.

குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையேறினார்கள். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும், வலது கோடியில் தங்கவேல், இடது கோடியில் மகாலட்சுமி. கடைசி நேரத்தில் வெண்ணிலா வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். தம்பி கல்யாணத்தில் அம்மாவோடு ஒரு படம். அவள் ஆசைப்பட்டு வந்தது அவ்வளவுதான். சூசை அவளை இறங்கச் சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மகாலட்சுமியின் தோளோடு கட்டம் முடிகிற வரை கேமராவை நகர்த்தினார். “எல்லாரும் சிரிங்க” என்றார். வெண்ணிலாவும் சிரித்தாள்.

மறுநாள் கூட்ரோட்டில் வைக்க இருபதடி நன்றி பேனர். பேனர்காரனுக்குப் படம் அனுப்புவது வழக்கம்போல் என் தலையில். கம்ப்யூட்டரில் திறந்தேன். இடது ஓரத்தில் வெண்ணிலா முழுசாக நின்றாள். அவள் கையை மகாலட்சுமி இறுகப் பிடித்திருந்தாள்.

“கட்டம் எப்டி?” என்றார் சூசை, திரைப் பக்கம் திரும்பாமலே.

“பிரமாதம்ணே” என்று அனுப்பிவிட்டேன். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் அந்தப் பிரசங்கத்தைப் பதினைந்து வருஷம் கேட்டவரில்லை.

காலை பஸ்ஸில் போனவர்கள், மனை பார்க்க வந்தவர்கள், எல்லோரும் பார்த்தார்கள்; பாதிப் பேர் செல்போனில் படமும் பிடித்தார்கள். தங்கவேல் ஆள் விட்டுப் பேனரைக் கிழித்தபோது மணி பதினொன்று. அவர் ஸ்டூடியோவுக்கு வந்து பேசியதை எழுத முடியாது. சூசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “என் கட்டத்துல அவ இல்லியே!”

மூன்று நாள் கழித்து மகாலட்சுமி வந்தாள்.

“அண்ணே, அந்தப் படத்துல எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க.”

சூசைக்கு வேர்த்துவிட்டது. “ஐயாவுக்குத் தெரிஞ்சா?”

“அவரு அந்தக் கோடியிலதான நிக்கிறாரு? அத்த வெட்டிட்டுக் குடுங்க.”

சூசை முதல்முறையாக என் திரை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் படத்தைத் திறந்து, வெட்டும் கோட்டைத் தங்கவேலின் தோளருகே கொண்டுபோய் வைத்தேன்.

மகாலட்சுமி குனிந்து பார்த்தாள். “அங்க இல்ல தம்பி, இன்னும் கொஞ்சம் உள்ளாற. அவரு கைகூடத் தெரிய வேணாம்.”