வெள்ளை இலையில் இட்லிப்பூ

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கறிக்கடையில் நிற்கும்போது, நான் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் ஏதாவது ஒரு செடியின் முன்னால் மண்டியிட்டுக் கிடப்பேன். பூக்களை மிக நெருங்கிப் படம் எடுப்பதில் எனக்கு அப்படியொரு பைத்தியம். அவ்வளவு கிட்டே போனால் மூச்சு விட்டாலும் பூ ஆடிவிடும். காவிரிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் என் கணவர் பக்கத்தில் குடையை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பார். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடையைச் சாய்த்துப் பிடித்திருக்கும் மனிதரைப் பார்த்துக் குழந்தைகள் சிரிக்கும். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

அவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. ரயில் ஓட்டத்தான் ஆசைப்பட்டார். கண் பரிசோதனையில் சிவப்பும் பச்சையும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிகின்றன என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நினைத்து அவர் புலம்பி நான் கேட்டதில்லை. தக்காளி வாங்கி வரச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவார்.

புலம்பியது நான்தான். எந்தப் படத்தைக் காட்டினாலும் "நல்லாயிருக்கு" என்பார். என் உப்புமாவுக்கும் அதே குரலில் அதே "நல்லாயிருக்கு"தான். அக்கம்பக்கத்தார் ஆஹா ஓஹோ என்பது எனக்குப் பொருட்டில்லை. இவர் வாயிலிருந்து மனசாரப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை வேண்டும் என்று ஏங்கினேன். ஒருநாள் சண்டையே போட்டுவிட்டேன்.

"பூ எங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியல. எதுக்குங்க பொய் சொல்றீங்க?"

"தெரியலதான். நீ எடுத்தா நல்லாத்தான இருக்கும்?"

இப்படிச் சொல்கிறவரிடம் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

போன வருஷம் என் பழைய கேமராவைச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்து, அதற்குள் இருந்த வடிகட்டும் கண்ணாடியை எடுக்கச் சொன்னேன். அது போய்விட்டால், நம் கண்ணுக்கு எட்டாத ஒளியையும் கேமரா பதிவு செய்யும். எல்லாம் என் ஆர்வக்கோளாறு, அவரை நினைத்துச் செய்ததல்ல. முதலில் எடுத்த படங்களில் பூங்கா முழுவதையும் ரோஸ்மில்க்கில் முக்கி எடுத்தாற்போல் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு லென்சுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியை மாட்டி, புல்லைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவை நம்பவைத்தேன். அடுத்த படத்தில் இலைகளெல்லாம் வெளுத்துப்போயின. சிவப்புப் பூக்கள் மட்டும் நிறத்தோடு நின்றன.

எதிரே இட்லிப்பூச் செடி ஒன்று கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அதை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடைக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இரு," என்று கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். "இதெல்லாம் பூவா? இவ்வளவா பூத்திருக்கு?"

செடியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் செடியைப் பார்த்தார். இப்போது ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, ஓரத்துல ஒரு கொத்து பாதியோட வெட்டுப்பட்டுப் போச்சே. அதை முழுசா விட்டிருக்கக் கூடாதா? நடுவுல இருக்கறதும் சாஞ்சுல்ல நிக்குது."

சுருக்கென்று கோபம் வந்தது. முட்டி தேய மண்டியிட்டு எடுத்த படம்! காற்று அடித்தது, இடம் போதவில்லை, செடியே கோணல் என்று அடுக்கினேன். ஒன்றையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னது சரி என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. திரும்பி வரும்போது, பைக்கை ஓட்டியபடியே லேசாகத் தலையைத் திருப்பி, "இல்ல, நீ என்னதான் சொன்னாலும் அந்தக் கொத்தை முழுசா விட்டிருக்கணும்," என்றார்.

அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, இன்னும் ஏதாவது குறை சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன்.