அன்னக்கொடி ஒதுக்கச் சொன்ன சேறு

கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கிளாவரையில் அன்னக்கொடியைக் கவுன்சிலர் என்று கூப்பிடுகிறவர்களைவிட மதினி, அத்தை என்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். ஒன்றியத் தேர்தலில் ஜெயித்த மறுநாள், பூம்பாறை வேலப்பருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, நேரே பூண்டுக் காட்டுக்குக் களையெடுக்கப் போன மனுஷி அவள்.

அந்த ஐப்பசி மழையில் மேட்டுச் சரிவு பிடுங்கிக்கொண்டு வந்து நாச்சிமுத்துவின் காட்டை மூடிவிட்டது. அவன் அவளுக்குக் கொழுந்தன் முறை. அவனுக்கு இருந்ததே அந்த ஒரு துண்டு நிலம்தான். விதைக்கென்று அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டை எல்லாம் அப்போதுதான் நட்டு முடித்திருந்தான். வீட்டில் ஒரு பல் மிச்சமில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் காட்டில் மண் சரிந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் நிற்க வேண்டும். சேறு மூடிய நிலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பாவம். அன்னக்கொடிதான் முன்னால் நின்றாள்.

“வெரசா ஒதுக்குங்கப்பா, பூமாதேவிக்கு மூச்சு முட்டும்!”

சேற்றை வாரி ஓடைக்கரையில் கொட்டினார்கள். சரிந்த கல்கட்டை எடுத்துக் கட்டினார்கள். மண்ணைக் கொத்திவிட்டு, தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மழையில் அடைபட்ட ரோடு இரண்டு வாரம் கழித்துச் சரியாகி, கொடைக்கானலிலிருந்து தோட்டக்கலை ஆபீசர் முகேஷ் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது, நிலம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி சுத்தமாகக் கிடந்தது.

“எங்கம்மா சேதம்?”

“இதான் சார்.”

“இது நடவுக்குத் தயாரா இருக்கே! பயிர் இருந்து போனதுக்கு ஏதாவது தெரியணும்மா. அதைப் போட்டோ எடுத்தாத்தான் விதைப்பூண்டு கேட்டு எழுத முடியும். நாங்க வர்ற வரைக்கும் அப்படியே போட்டு வச்சிருக்கக் கூடாதா?”

நாச்சிமுத்து சிரித்தான். “எல்லாம் எங்க மதினி சோலிங்க. ஓட்டுப் போட்டதுக்கு எம் சேதத்தையும் சேத்துப் பெருக்கித் தள்ளிட்டாக.” பிறகு குரலை இறக்கினான். “வெதை இல்லன்னா நான் கேரளாவுல வட்டவடைப் பக்கம் கூலிக்குப் போயிர்றேன் மதினி. வேற என்ன செய்ய?”

அன்னக்கொடி அந்தச் சுத்தமான நிலத்தைப் பார்த்தாள். நல்லது என்று நினைத்துச் செய்தது அவன் வயிற்றில் அடித்துவிட்டதே, முருகா!

“சார், கோவிச்சுக்கிடாதீங்க. விழுந்தவன் விழுந்தே கெடந்தாத்தான் ஒதவியா? எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு நின்னா கெடையாதா? சேத்தோட போட்டு வச்சா நெலம் கெட்டுப் போகும்ங்க. ஒன்றியக் கூட்டத்துலயும் இதத்தான் சொன்னேன். மழை நின்ன வாரமே மேல்மலைக்கு வெதை வந்து சேரணும். நடவுப் பட்டம் போனப்புறம் வந்தா அத எங்க கொண்டு நடுறது?”

“கூட்டத்துல என்ன சொன்னாங்க?”

“டீ ஆறுது, குடிங்கன்னாங்க.”

முகேஷ் சிரித்துவிட்டார். “நீங்க சொல்றது நியாயம்தான்மா. ஆனா என் கையில அந்த அதிகாரம் இல்லையே. எதையாச்சும் காட்டுங்க, எழுதிர்றேன்.”

காட்ட எதுவும் இல்லை. அன்னக்கொடிக்குக் கண் கலங்கியது. ஆபீசர் முன்னால் அழ வேண்டாமென்று, கால் கழுவுகிறவள் போல ஓடைப் பக்கம் இறங்கினாள். அங்கே, அவர்களே கொட்டிய சேற்றுக் குவியலில், கோணலும் மாணலுமாகப் பச்சைத் தாள்கள் முளைத்துத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கிள்ளி மோந்தாள். பூண்டேதான்.

“ஏலே நாச்சிமுத்து! சாரக் கூட்டிக்கிட்டு வெரசா வாலே!”

முகேஷ் குவியலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். “எழுதி அனுப்பிடுறேன்மா. ஆனா விதை வந்து சேர நாளாகும். உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது.”

“வரட்டும் சார். அடுத்த கூட்டத்துலயும் எந்திரிச்சுக் கேப்பேன். டீயக் குடிச்சிட்டே கேப்பேன்.” சேலையை இடுப்பில் செருகினாள். “படம் எடுத்தாச்சுல்ல? இனிமே இதுல கை வைக்கலாமா?”

அவர் தலையாட்டியதுதான் தாமதம், நாச்சிமுத்து மண்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வேரோடு எடுக்க ஆரம்பித்தான். பிழைத்ததெல்லாம் நட்டும் நிலம் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் அன்னக்கொடி தன் அடுப்புக்கு மேலே தொங்கிய விதைப்பூண்டுக் கட்டை அவிழ்த்துக் கொண்டுவந்தாள். அவளுக்குப் பின்னால், மண்வெட்டியோடு வந்த அதே வீட்டுக்காரர்கள், வீட்டுக்கொரு பூண்டுக் கொத்தோடு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள்.

“வட்டவடைக்கு எப்போப்பா கெளம்புற?” என்றாள்.

“போங்க மதினி,” என்றான், நிமிராமலே நட்டுக்கொண்டு.